துடைப்பமும் வலையும்

தேவராவிலிருந்து வல்லார்பாடம் அன்னை ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம், துடைப்பத்தை எடுத்து முற்றம் பெருக்கும் பக்தர்களைப் பார்க்கிறேன். அந்த நேர்ச்சைக்குப் பின்னால் ஒரு தல வரலாறு உண்டு. 1752-ல் மீனாட்சியம்மா என்ற பெண்மணி கைக்குழந்தையுடன் மட்டாஞ்சேரிக்குப் போன படகு புயலில் கவிழ்ந்தது. நீரில் மூழ்கியவர் அன்னையை வேண்டினார். மூன்றாம் நாள் பங்குத்தந்தை கண்ட கனவின்படி மீனவர்கள் வலை வீச, தாயும் சேயும் உயிரோடு கரையேறினார்களாம்.

கேட்கவே ஆறுதலாக இருக்கிறது. ஆனால் இதே கொச்சியின் தோப்பும்படித் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் குமரி மாவட்ட மீனவர்கள் எத்தனையோ பேர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களைச் சேர்ந்த பலர் ஆழ்கடலிலிருந்து திரும்பவே இல்லை. அவர்களும் செபித்துவிட்டுக் கடலுக்குப் போனவர்கள்தாம்.

நம் செபக்கூட்டங்களில், "விசுவாசம் இருந்ததால் தப்பினேன்" என்று சிலர் சாட்சி சொல்கிறார்கள். நன்றி சொல்வது நல்லதே. ஆனால் அந்த விதவைகளில் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், 'என் வீட்டுக்காரருக்கு விசுவாசம் இல்லையா?' என்று அவள் மனம் கேட்காதா?

புனித பவுல் கப்பல் உடைந்தும் மால்டா தீவில் உயிரோடு கரையேறினார். அதே பவுல் பிறகு ரோமில் வெட்டுண்டு மரித்தார் என்பது திருச்சபையின் மரபு. கடவுள் முதல் நாள் பெரியவராகவும் மறுநாள் சிறியவராகவும் ஆகிவிட்டாரா? இல்லை. அவருடைய பாதுகாப்பு, துன்பமே வராது என்ற உத்தரவாதம் அல்ல. எந்தத் துன்பத்திலும், சாவிலும்கூட, அவர் நம்மைக் கைவிடுவதில்லை என்பதே அது. என் ஆறுதல் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீனாட்சியம்மா வேண்டியது அன்னையிடம். தூக்கியது மீனவர் வலை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்திலும் அப்படித்தான். ஒக்கியின் துக்கம் ஆறாத கடற்கரை மக்களே படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூருக்கும் ஆலுவாவுக்கும் ஓடினார்கள். சாதி மதம் பாராமல் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள்.

ஆகவே அன்பர்களே, முற்றம் பெருக்கி நேர்ச்சையை முடித்தபின், இழப்பில் இருக்கும் ஒரு வீட்டுக்கும் போய் வாருங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். கூட உட்கார்ந்திருந்தாலே போதும். கடவுள் கைவிடவில்லை என்பது அந்த வீட்டுக்குப் புரியும்.