வீட்டு இலக்கம் எங்கே?

சிறுகடன் திட்டமொன்றைத் தொடங்குமுன் ஓர் ஊரில் நாற்பது குடும்பங்களின் வருமானத்தைக் கேட்டெழுதுகிறோம். ஈராண்டின் பின் அதே நாற்பது வீட்டுப் படிகளிலும் ஏறி மீண்டும் கேட்கிறோம். பிறகு இரு படிவக் கட்டுகளினதும் சராசரிகளைத் தனித்தனிக் குழுக்களாக ஒப்பிட்டு, "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று அறிக்கை எழுதுகிறோம். நிதியும் நின்றுவிடுகிறது. நானும் இப்படி எழுதியிருக்கிறேன், ஒளிப்பானேன்?

வீட்டுக்கு வீடு உள்ள ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. ஒவ்வொரு வீட்டிலும் நிகழ்ந்த சிறு முன்னேற்றம் அதற்குள் அமிழ்ந்து போகிறது. ஆகவே ஒவ்வொரு வீட்டையும் அதனுடனேயே ஒப்பிட வேண்டும்.

இதற்குப் பழையதோர் உதாரணம் உண்டு. பத்து நோயாளருக்கு இரு உறக்க மருந்துகளை மாறிமாறிக் கொடுத்துப் பெற்ற கணக்கைக் குஷ்னி, பீபிள்ஸ் இருவரும் 1905 இல் வெளியிட்டனர். டப்ளின் கின்னஸ் வடிசாலையிற் பணியாற்றிய கொசற், 'ஸ்டூடன்ற்' என்ற புனைபெயரில் 1908 இல் அதை ஆராய்ந்தார். முதல் மருந்தால் கூடிய உறக்கம் சராசரி 0.75 மணி, இரண்டாவதால் 2.33 மணி. இவற்றை வெவ்வேறு ஆட்களாகக் கொண்டால், இவ்வளவு வேறுபாடு வெறும் தற்செயலாய்த் தோன்றும் வாய்ப்பு 100 இல் 8 அளவில் வரும். ஆளுக்கு ஆள் கழித்துப் பார்த்தால் 1000 இல் 3 தான். ஒன்பது பேர் இரண்டாம் மருந்திற் கூடுதலாக உறங்கினர். ஒருவருக்கு இரண்டும் சமம். எண்கள் அவையே, சோதனைதான் வேறு.

அந்தக் கழித்தலுக்கு உரியது சோடி ரீ-சோதனை. ஓரிரு வீடுகளின் மாற்றம் மட்டும் அளவுமீறி நின்றால், மாற்றங்களைத் தரவரிசைப்படுத்தும் வில்கொக்ஸன் சோதனை (1945) பொருந்தும். மலசலகூடம் உண்டா, இல்லையா என்ற கேள்விக்கு மக்நெமார் சோதனை (1947): அது நிலை மாறிய வீடுகளை மட்டும் எண்ணும்.

ஆனால் இவை அனைத்துக்கும் இரு படிவங்களிலும் ஒரே வீட்டு இலக்கம் இருந்தாக வேண்டும். பெயர் வேண்டியதில்லை, பெயர் கேட்டால் சனம் வருமானத்தைக் குறைத்துத்தான் சொல்லும். இலக்கமில்லாத கட்டுகளை எந்தப் புள்ளிவிபரவியலாளராலும் சோடி சேர்க்க முடியாது.

இன்னொன்று: மாற்றம் நிகழ்ந்தது என்று மட்டுமே இச்சோதனைகள் சொல்லும். நல்ல மழை பெய்த ஆண்டிலும் வருமானம் கூடத்தான் செய்யும். அதைப் பிரித்தறியத் திட்டம் போகாத அயலூரிலும் அதே படிவத்தை இருமுறை நிரப்ப வேண்டும்.

அலுமாரியிற் கிடக்கும் பழைய படிவங்களில் இலக்கம் உண்டா எனப் பாருங்கள். இருந்தால், தோற்றதாக எழுதி மூடிய திட்டங்களின் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்கலாம்.