ஏரி இருக்கிறது, நீர்க்கட்டி எங்கே?

காலை 6 மணி. சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலை. கீழ்வானம் இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. அதற்குள் அணிவகுத்து நிற்கின்றன ஆலைப் பேருந்துகள். இறங்குகிறது ஒரு கூட்டம், இரவெல்லாம் உழைத்துச் சிவந்த விழிகளோடு. ஏறுகிறது மற்றொரு கூட்டம், உறக்கம் உதறாத விழிகளோடு. கழுத்திலே அடையாள அட்டை. கையிலே சோற்றுப் பாத்திரம். பெரும்பாலோர் பெண்கள். திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், இன்னும் தொலைவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் தங்கைகள். அவர்கள் கைபட்டு உருவாகும் கைப்பேசி, கடல் கடந்து சீமான்களின் சட்டைப் பையிலே சிணுங்குகிறது!

இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள், தோழர்களே! இப்போது வருபவை கல்லூரிப் பேருந்துகள். அக்காள் ஏறியது ஆலைக்கு. தம்பி ஏறுவது கல்லூரிக்கு. அவள் நின்று நின்று கால் வீங்கிச் சேர்த்த காசுதான் அவன் கட்டும் கட்டணம். அந்தக் காசுக்கு அங்கே அவனுக்குக் கிடைப்பது என்ன என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் சார்பில் நான் கேட்கிறேன்.

2006இல் நோக்கியா இங்கே கைப்பேசி செய்யத் தொடங்கியது; 2014இல் கதவை மூடியது. ஃபாக்ஸ்கான், சாம்சங் என்றும் பெயர்கள் பெருகின. 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாட்கள் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, சங்கம் என்ற சொல்லை நாடெங்கும் கேட்கச் செய்த மண்ணும் இதுதான். அதே செப்டம்பரில் சிஸ்கோ நிறுவனம், ஃப்ளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை வட்டாரத்திலே ரௌட்டர் செய்யும் தொழிற்கூடத்தைத் திறந்தது. உலகத்துக் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் பெட்டிகளையே வார்த்தெடுக்கும் வட்டாரமாகிவிட்டோம். ஆனால் அந்தப் பெட்டிகள் கப்பலேறிப் போகும் சாலையோரக் கல்லூரியிலே, தேர்வுக்குப் பதிவு செய்ய 60 பிள்ளைகள் கணினிமுன் அமர்ந்தால், திரையிலே ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அடியேன் பட்டம் பெறாதவன். இரண்டாம் ஆண்டிலேயே கல்லூரியை விட்டு மேடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஓடியவன். "இவனுக்கு எதற்குக் கணினி வலைப்பின்னல்?" என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தப் பகுதியிலே ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். முத்தமிழ் மன்ற விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். விழாவை இணையத்திலே நேரலையாகக் காட்டுவதாக ஏற்பாடு. நான் போய் இறங்கிய நேரத்தில் கல்லூரி முழுவதும் வலைப்பின்னல் செத்துக் கிடந்தது. அலுவலகத்தில் கட்டண ரசீது போடமுடியவில்லை. ஆய்வகம் அசையவில்லை. முதல்வர், இணைப்புத் தரும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து இடிபோல் முழங்கினார். "எங்கள் கம்பி நன்றாக இருக்கிறது ஐயா, கோளாறு உங்கள் வளாகத்துக்குள்ளேதான்" என்று வந்தது பதில். அது உண்மையுங்கூட!

அப்போது வந்தார் ஓர் இளைஞர், கையிலே ஒரு விளக்கு, ஒரு பழைய நோட்டுப் புத்தகம். மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிப் பார்த்தார். இரண்டரை மணி நேரம். கடைசியில் ஆசிரியர் அறையிலே, மேசைக்கு அடியிலே, தூசு மண்டிய ஒரு சிறு சுவிட்ச். அதிலிருந்து கிளம்பிய ஒரு கம்பியின் மறுமுனையும் அதே பெட்டியிலேயே செருகியிருந்தது. கூட்டிப் பெருக்க வந்த அம்மையார், அறுந்து தொங்குகிறதே என்று நல்ல மனத்தோடு செருகிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான்! எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் செய்தி அந்த வளையத்திலே நுழைந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி, புயலாகி, கல்லூரியையே கவிழ்த்துவிட்டது. சற்று விலை கூடிய சுவிட்சுகளிலே இத்தகைய வளையத்தைக் கண்டவுடன் வாயிலை அடைத்துவிடும் ஏற்பாடு உண்டாம். "வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன் அண்ணே" என்றார் அவர்.

"தம்பி, இங்கே உங்களுக்கு என்ன பதவி?"

"பதவியா? ஆய்வக உதவியாளர். 11 மாத ஒப்பந்தம்."

நோட்டைப் பிரித்துக் காட்டினார். எந்தக் கம்பி எந்த அறையிலிருந்து எந்தப் பெட்டிக்கு, எந்த நாளிலே எது பழுதானது, எல்லாம் பென்சிலால் கோடு போட்டு வரைந்திருந்தார். பல்லாயிரம் அடி நீளக் கம்பிக்கு அந்தக் கல்லூரியிலே இருந்த ஒரே வரைபடம் அதுதான்! நாடகக்காரனாகிய எனக்கு, திரை இழுப்பவர் நினைவு வந்தது. மாலை விழுவது கதாநாயகன் கழுத்திலே. திரை சிக்கிக்கொண்டால்தான் கயிற்றைப் பிடித்தவரின் பெயரைச் சபை கேட்கிறது.

சரி, இந்தக் கம்பிகள் நம் கல்லூரிகளுக்கு எப்படி வந்தன? 1986இல் எர்நெட் என்ற கல்வி வலைப்பின்னல் தொடங்கியபோது எட்டே நிறுவனங்கள், சென்னை ஐ.ஐ.டி. அவற்றுள் ஒன்று. சாதாரணக் கல்லூரியின் வாயிற்படிக்கு மத்திய அரசு திட்டம் போட்டு வந்து சேர்ந்தது 2009இல், 23 ஆண்டுகள் கழித்து! பி.எஸ்.என்.எல். வழியாகக் கல்லூரிக்குப் பத்து இணைப்பு, ஒவ்வொன்றும் நொடிக்கு 512 கிலோபிட். செலவிலே நூற்றுக்கு 75 மத்திய அரசு, 25 கல்லூரி. கூட்டிப் பார்த்தால் 5 மெகாபிட்டுக்கு மேல். ஆனால் கூட்டுவது யார்? பத்து வாய்க்காலைப் பத்து அறையிலே தனித்தனியாக விட்டால் அது ஆறு ஆகுமா? ஓர் அறையிலே ஒருவர் 3 ஜிகாபைட் கோப்பு ஒன்றை இறக்க 13 மணி நேரம். பக்கத்து அறையிலோ வாய்க்கால் சும்மா கிடக்கும். பத்தையும் ஒன்றாக்கிச் சுமையைப் பங்கிடும் வழி உண்டு. அதை அறிந்த ஆள் வேண்டும். கம்பிக்குக் கணக்கு எழுதிய திட்டம், ஆளுக்கு எழுதவில்லை.

நம் பாட்டன்மார் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். ஏரி வெட்டினால் போதாது என்று அவர்களுக்குத் தெரியும். மதகு திறக்க, முறை வைத்துப் பாய்ச்ச, கடைமடைக்கும் நீர் போய்ச் சேர்ந்ததா என்று நள்ளிரவிலும் வரப்பிலே நடந்து பார்க்க ஓர் ஆளை வைத்தார்கள். நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் பெயர் சொல்லி, களத்துமேட்டிலே அவருக்கு நெல் அளந்தார்கள். நீர்க்கட்டி இல்லாத ஏரியிலே நடப்பது என்ன? தலைமடைக்காரன் வயலிலே தாமரை பூக்கும். கடைமடைக்காரன் வயலிலே வெடிப்பு விழும். கல்லூரியிலும் அதேதான்! நிர்வாகக் கட்டடத்திலே படம் ஓடும். விடுதியின் கோடி அறையிலே பாடம் ஓடாது.

"பணம் இல்லையே" என்பார்கள். இருக்கிற பணத்தை எதிலே போடுகிறார்கள் என்று பாருங்கள். வெளியிலிருந்து வரும் வேகத்தை இருமடங்காக்குகிறோம் என்று விளம்பரப் பலகை வைக்கிறார்கள். உள்ளே கிடப்பதோ எலி கடித்த கம்பி! செம்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் சுமக்காது. கட்டடத்துக்குக் கட்டடம் அதைக் கட்டித் தொங்கவிட்டால் ஐப்பசி மின்னல் ஒன்றே போதும், இரு முனையிலும் உள்ள பெட்டிகள் கருகிவிடும். கட்டடங்களுக்கு நடுவே கண்ணாடி இழையைக் குழாய்க்குள் ஒருமுறை புதைத்துவிட்டால் பல்லாண்டுக்குக் கவலை இல்லை. வேகம் கூட்ட வேண்டுமானால் முனைப்பெட்டியை மாற்றினால் போதும், மண்ணைத் தோண்ட வேண்டாம். ஆகவே முதல் ரூபாய் மண்ணுக்குள்ளே போகவேண்டும். அடுத்தது மின்சாரத்துக்கும் நில இணைப்புக்கும். பெட்டி அதற்குப் பின்னால்தான். ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டாவிட்டால் பாதி உறங்கிவிடும் பெட்டியை விற்க வருவோரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். காவலுக்கு நிற்கும் வேலையை, ஒதுக்கிப் போட்ட கணினி ஒன்றிலே கட்டற்ற மென்பொருளை ஏற்றியே செய்துகொள்ள முடியும். பலர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒதுக்கிப் போட்ட கணினி என்றேனே, அதிலும் ஒரு கதை உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்குத் தந்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐயோ பழைய கணினிகளில் பலவும் தாங்கத் தகுதியற்றவை என்று தள்ளிவிட்டது. ஓர் ஆய்வகத்திலே 60 கணினிகள். மூளை பழுதில்லை, உடல் பழுதில்லை. எங்கோ ஒரு நாள் குறித்தார்கள் என்பதற்காக எடைக்குப் போடுவதா? பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வைத்து, நினைவகத்தைக் கூட்டி, லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். கேரளத்துப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கின்றன. 2011இல் தொடங்கிய நம் விலையில்லா மடிக்கணினியிலும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி!

நம் தோழர்களிலேயே சிலர் என்னிடம் சொன்னார்கள்: "எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. மலிவாக இணையமும் கிடைக்கிறது. கல்லூரிக்கு எதற்கு வலைப்பின்னல்?" எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. அவசரத்துக்குக் கைப்பேசி உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். 60 பிள்ளைகள், ஆளுக்கு 3 ஜிகாபைட் மென்பொருள் இறக்க வேண்டும். மொத்தம் 180 ஜிகாபைட். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பை முழுதாக விழுங்கினாலும் 4 மணி நேரம். கல்லூரிக்குள்ளே ஒரு சேமிப்புக் கணினி இருந்தால் ஒரே ஒருமுறை இறக்கினால் போதும். 4 நிமிடம்! பிறகு உள்கம்பியிலே 60 பேரும் எடுத்துக்கொள்ளலாம், வெளிக்கம்பியைத் தொடாமலே. என்.பி.டெல். பாடங்களையும் கலைக்களஞ்சியத்தையும் அதிலேயே இட்டு வைத்துவிட்டால், சாலை அகலப்படுத்துகிறோம் என்று யாரோ வெளிக்கம்பியை அறுத்த நாளிலும் பாடம் நடக்கும். கைப்பேசியிலே இது நடக்குமா?

இன்னொன்று. கைப்பேசியிலே அன்றன்றைய அளவு தீர்ந்துவிட்டால், காசுள்ளவன் மீண்டும் நிரப்பிக்கொள்வான். இல்லாதவன் எழுந்து வெளியே போவான். ஊரின் பெயரைப் பாருங்கள், சத்திரம்! வழிப்போக்கரின் மடியை அவிழ்த்துப் பார்க்காமல் படுக்க இடம் தந்த இடத்துக்கு அந்தப் பெயர். கல்லூரியின் வலைப்பின்னல் அத்தகைய சத்திரமாக இருக்கவேண்டும் என்பதுதான் என் வழக்கு. உதவித்தொகை விண்ணப்பம் இணையத்திலே, தேர்வு முடிவு இணையத்திலே, 2022இல் தொடங்கிய நான் முதல்வன் பயிற்சியின் பதிவும் இணையத்திலே என்று ஆன பிறகு, இது வசதி என்ற கணக்கிலிருந்து உரிமை என்ற கணக்குக்கு மாறிவிட்டதல்லவா?

அமெரிக்காவிலே ஒரிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஓர் அமைப்பு இருக்கிறது. 1992 முதல் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் கல்வி நிலையங்களுக்கு வலைப்பின்னல் கட்ட உதவிவருகிறது. அவர்கள் பெட்டி கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. அங்கங்கே உள்ள பொறியாளர்களை அமரவைத்து, கட்டவும் கண்காணிக்கவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். பாட நூல்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தும் வைத்திருக்கிறார்கள். ஏழை நாட்டுக்கு முதல் தேவை ஆள் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். பெட்டி செய்யும் ஊரிலே இருந்துகொண்டு நாம் உணரவேண்டாமா?

தோழர்களே, இதை மாநாட்டுத் தீர்மானமாக்கி மறந்துவிடும் செய்தியாக விடவேண்டாம். உங்கள் பகுதிக் கல்லூரிக்குப் போங்கள். வலைப்பின்னல் வரைபடம் இருக்கிறதா, அதைக் காப்பவர் நிரந்தரப் பணியாளரா என்று கேளுங்கள். 12,525 ஊராட்சிகளை இணைக்கத் திட்டமிட்ட கண்ணாடி இழை உங்கள் ஊராட்சி அலுவலகம்வரை வந்திருந்தால், அரசுக் கல்லூரிக்கு அது ஏன் திரும்பக்கூடாது என்று சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள். கல்லூரிக்கு ஒரு வலைப்பின்னல் காப்பாளர், காலமுறை ஊதியத்தோடு: கோரிக்கை இந்த ஒன்றுதான். நூலகத்துக்கு நூலகர் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. இதை மட்டும் ஏன் மறுக்கவேண்டும்?

சென்ற மாதம் பொதுக்கூட்டம் முடித்துவிட்டு, விடியற்காலையிலே சுங்குவார்சத்திரத்தில் தேநீர்க் கடை வாயிலில் நின்றிருந்தேன். "அண்ணே!" என்று ஒரு குரல். அந்த இளைஞர்! கழுத்திலே அடையாள அட்டை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லையாம். இப்போது ஓர் ஆலையிலே மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் வேலை; கல்லூரி தந்ததைவிடக் கூலி கூடுதல். நோட்டுப் புத்தகம் என்னவாயிற்று என்று கேட்டேன். வீட்டுப் பரணிலே இருக்கிறதாம். ஒருவரும் வந்து கேட்கவில்லையாம்.

பேருந்து வந்துவிட்டது. ஒரு காலைப் படியிலே வைத்தவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, அந்த ஆசிரியர் அறைச் சுவிட்சை மாற்றிவிட்டார்களா?"