கேட்கும் காதும் தடுக்கும் கையும்

பழைய டர்போ கார்களைப் பேணுவோர் சிலர், அவற்றின் எஞ்சினில் 'நொக் சென்சர்' பொருத்த விரும்புகின்றனர். விருப்பம் நியாயமானதே. டர்போ சிலிண்டருக்குள் மிகையான காற்றைத் திணிக்கின்றது. அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறினால், தீச்சுடர் பரவி வருமுன்னரே எஞ்சிய எரிகலவை தானாக வெடிக்கின்றது. இதுவே 'நொக்கிங்'. நீடித்தால் பிஸ்டன் துளைபட்டுப்போகும்.

சுவீடனின் சாப் நிறுவனம் 1977இல் காட்சிக்கு வைத்த 99 டர்போவில் இந்தச் சென்சர் இருக்கவில்லை. 1982ஆம் ஆண்டு மாதிரியான 900 டர்போவில் 'ஏபிசி' என்னும் முறை வந்தது. எஞ்சினில் பதித்த சென்சர் அதிர்வைக் கேட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டி டர்போவின் அழுத்தத்தை உடனே தணித்தது. அதாவது, காதோடு கையும் இருந்தது.

இன்று பொருத்துவோரிற் சிலர் அந்தக் கையை மறந்துவிடுகின்றனர். சென்சரை ஓர் எச்சரிக்கை விளக்குடன் மட்டும் இணைத்தால், சாரதி அதைக் கவனித்துக் காலை எடுப்பதற்குள் கேடு நேர்ந்துவிடலாம். தேய்ந்த எஞ்சினின் வால்வுச் சத்தமும் சென்சரை ஏமாற்றும். சிலிண்டரின் விட்டத்துக்கேற்ற அதிர்வெண்ணை அது பிரித்தறிய வேண்டும்.

ஆகவே, தீப்பொறியைப் பிந்தச் செய்யவோ அழுத்தத்தைக் குறைக்கவோ வழியில்லையெனில், உயர் ஒக்டேன் பெற்றோலும் மிதமான அழுத்தமுமே மேல் என்பேன். வழியிருந்து பொருத்தியவர்களும், சென்சர் இருக்கிறதே என்று அழுத்தத்தைக் கூட்டலாகாது. காவலுக்கு வைத்ததைத் துணிச்சலுக்கு அனுமதியாகக் கொண்டால், காவல் எதற்கு?