ஹிட் ஆகாத பாடல்களைச் சேமியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் நாம் முதலில் சேர்ப்பது ஹிட் பாடல்களைத்தான். அவை எங்கும் கிடைக்கும். விற்காமல் போன இசைத்தட்டுகளைத்தான் சேமிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த பிக் ஸ்டார் குழு, 1972-ல் 'நம்பர் 1 ரெக்கார்ட்' ஆல்பத்தை வெளியிட்டது. இனிய மெட்டும் கிடார் வேகமும் கலந்த இந்த இசைக்கு பவர் பாப் என்று பெயர். விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் தட்டுகள் கடைகளுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. பிற்பாடு ஆர்.இ.எம். போன்ற பெரிய குழுக்கள் இவர்களைக் கொண்டாடின.

அதே ஆண்டு லென்னி கே என்பவர், கார் ஷெட்டில் ஒத்திகை பார்த்த இளைஞர்களின் முரட்டு ராக் பாடல்கள் 27-ஐத் திரட்டி 'நகெட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டாக்கினார். குறிப்புகளும் எழுதினார். பின்னர் வந்த பங்க் இசைக்கு அது பாடப்புத்தகமானது.

நீங்களும் இதைச் செய்யலாம். சி.டி.யை காப்பி செய்யும்போது 'டிராக் 01' என்று விட்டுவிடாதீர்கள். பாடல், குழு, ஆண்டு மூன்றையும் டைப் செய்யுங்கள். எம்பி3-ஐ விட ஃபிளாக் பார்மட் நல்லது. ஒலியின் தரம் குறையாது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு காப்பி அவசியம். ஒரே காப்பியை நம்பி, கல்லூரி நாட்களில் சேர்த்த பாடல்களை எல்லாம் இழந்தவன் சொல்கிறேன்!