கண்டதும் கற்றதும்: ஊசியிலை மரத்தின் அடியில்

சென்ற கார்த்திகை இதழில் இப்பகுதியில் நாம் எழுதிய ஒரு வாக்கியத்தை இத்திங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். "நீலகிரியிலே மொட்டையாகக் கிடக்கும் மலைச் சரிவுகளைக் காணும்போது மனம் வருந்துகிறது, ஆளுக்கொரு மரம் நட நம் சங்கத்தார் முன்வரலாகாதா?" என்று எழுதியிருந்தோம். அன்பர்கள் முன்வந்தார்கள். பொருளாளரிடம் இதுவரை 18,400 ரூபாய் சேர்ந்திருக்கிறது. தம் மகனுடைய பிறந்தநாள் செலவைச் சுருக்கி, மீதியை அனுப்பிவைத்த தாயார் ஒருவரின் காணிக்கையும் அதில் அடங்கும். அதனாலேயே இதை எழுதக் கை கூசுகிறது. அச்சரிவுகள் மொட்டையல்ல. அங்கே மரம் நடுவது நன்மையுமன்று. பிழை முழுவதும் நம்முடையதே.

பிழையை உணர்ந்த வரலாற்றைச் சொல்லிவிடுகிறோம்.

வைகாசி விடுமுறையில், இரயில்வே பாஸைக் கொண்டு குடும்பத்தோடு உதகைக்குப் புறப்பட்டோம். கோவை வழியாக மேட்டுப்பாளையம் சேர்ந்து, காலை மலைவண்டியில் ஏறினோம். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய வண்டி அது. ஏறக்குறைய 46 கிலோமீட்டர் தொலைவுக்குள் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. கல்லாற்றில் பாக்குத் தோப்பு. பற்சக்கரப் பாதை தொடங்கியதும் அடர்ந்த மழைக்காடு. குன்னூரை நெருங்க நெருங்கத் தேயிலை. ஒரே காலைப் பொழுதில் நாலைந்து நாடுகளைக் கடந்ததுபோல் இருந்தது.

மறுநாள் கூடலூர்ச் சாலையில் தலைக்குந்தா அருகேயுள்ள பைன் காட்டுக்குப் போனோம். படப்பிடிப்புகளால் பெயர்பெற்ற இடம். தூண்களைப்போல் நிமிர்ந்த மரங்கள். இடையிடையே சாய்வான வெளிச்சம். லால்பாகிலுள்ள கூம்பு வடிவமான அரோகேரியா மரங்களையே ஊசியிலை மரம் என்று அறிந்திருந்த நம் ஒன்பது வயது மகள், சிறிது நேரம் ஓடியாடிவிட்டுத் திரும்பி வந்து, "அப்பா, இது காடு என்றால் ஏன் ஒரு குருவிகூடக் கத்தவில்லை?" என்று கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை.

உடன் வந்திருந்த பெரியவருக்குத் தெரிந்திருந்தது. நம் பார்சல் அலுவலகத் தோழர் ஒருவரின் மாமனார் அவர். வனத்துறையில் காவலராயிருந்து ஓய்வு பெற்றவர். "அம்மிணி, மேலே பார்த்தது போதும், காலடியைப் பார்" என்றார். குழந்தை காலால் கிளறினாள். உள்ளங்கை ஆழத்துக்கு உலர்ந்த ஊசியிலைகள். அதன் கீழே ஒரு முளையும் இல்லை. "இது காடல்ல, தம்பி. மெக்சிகோ நாட்டு மரத்தை வரிசையாய் நட்ட தோட்டம். மரம் எதுவென்று மேலே பார்த்தால் தெரியும், நிலம் எதுவென்று அறியக் கீழேதான் பார்க்க வேண்டும்" என்றார் நம்மிடம்.

அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஒரு சரிவின் ஓரமாக எங்களை அழைத்துச் சென்று மூன்று இடங்களைக் காட்டினார். மூன்றிலும் மேலே நின்றவை வெளிநாட்டு மரங்களே. முதலிடத்தில், மரங்களின் இடைவெளியில் கொத்துக் கொத்தாகக் காய்ந்த புல்லும், முழங்கால் உயரக் குறிஞ்சிப் புதர் ஒன்றும் இருந்தன. "இது புல்வெளியாயிருந்த இடம்" என்றார். இரண்டாமிடம் ஓடையருகே ஒரு மடிப்பு. சீகை மரங்களின் நிழலில் பெரணியும் பாசியும் செழித்திருக்க, கரும்பச்சை இலைகளோடு நாவல் இனத்துக் கன்றுகளும் காட்டு இலவங்கக் கன்றுகளும் எழும்பிக்கொண்டிருந்தன. "இது சோலையின் இடம், சோலை திரும்பி வருகிறது." மூன்றாமிடத்தில் கால் வைத்தால் மண் மெத்தைபோல் அமிழ்ந்தது. கரிய மண், பிழிந்தால் நீர். "இது சதுப்பு. இதுதான் ஆற்றுக்குத் தாய்மடி."

பெங்களூர் திரும்பியபின் கிடைத்த நூல்களை விடுமுறை நாள்களில் புரட்டினோம். அப்பெரியவர் பட்டறிவால் சொன்னது ஒரு பெரிய சாத்திரமே என்பது புலனாயிற்று.

பின்லாந்து நாட்டில் காயாண்டர் என்ற வன அறிஞர் இருந்தார். பிற்காலத்தில் அந்நாட்டின் தலைமை அமைச்சராகவும் விளங்கியவர். மரத்தை வைத்துக் காட்டை வகைப்படுத்தினால் ஏமாந்துபோவோம் என்று 1909இல் அவர் எழுதினார். ஒரே பைன் மரம் வளமான மண்ணிலும் நிற்கும். வறண்ட மணலிலும் நிற்கும். மரத்தை வெட்டலாம், புதிதாக நடலாம். ஆனால் அடியில் தானாக முளைக்கும் சிறுசெடிகள் மண்ணின் ஈரத்தையும் வளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடும். ஆகவே புளிப்பிலைப் பூண்டு நிறைந்த இடம், சிறுபழச் செடி நிறைந்த இடம், வறண்ட குற்றுச்செடி நிறைந்த இடம், பாசி போன்ற வெண்படலம் மட்டுமே படர்ந்த இடம் என்று அடிச்செடியின் பெயராலேயே காட்டு நிலங்களை வளத்தின் இறங்குவரிசையில் பிரித்தார். எங்கே எவ்வளவு மரம் வளரும் என்பதை அதைக்கொண்டே அந்நாட்டார் கணித்தனர்.

நம் இமயத்திலும் இதே பாடந்தான். மேற்கு இமயத்தில் ஏறத்தாழ 1,000 முதல் 1,800 மீட்டர் வரை, மும்மூன்று ஊசியிலைகள் கொத்தாய் அமைந்த சீர் பைன். அதற்கு மேலே தேவதாரு. இன்னும் மேலே ஃபர், ஸ்ப்ரூஸ். உயரம் மட்டும் போதாது. சரிவு எத்திசை நோக்கியது என்பதையும் காணவேண்டும். வெயில் விழும் தென்சரிவில் பைனும் அதன் அடியில் புல்லும் நிற்க, அதே உயரத்தில் நிழல் தங்கும் வடசரிவில் ஓக் மரமும் பெரணியும் பாசியும் நிற்கும். முன்னது கோடையில் தீப்பற்றும். பின்னது நீரைத் தேக்கும். ஒரே மலையின் இரு கன்னங்கள் அவை.

இதைப் படித்தபோது நமக்குத் தமிழரின் திணைப் பெயர்கள் நினைவுக்கு வந்தன. மலைநிலத்துக்கு நம் முன்னோர் வானளாவிய மரமெதன் பெயரையும் இடவில்லை. குறிஞ்சி ஒரு புதர். காட்டு நிலத்துக்கு இட்ட முல்லை ஒரு கொடி. கடற்கரைக்கு இட்ட நெய்தல் நீரில் மிதக்கும் பூ. மருதமும் பாலையும் மரங்களே எனினும், பிற மூன்றும் குனிந்து பார்த்தவன் இட்ட பெயர்கள். திணையும் வனவியலும் ஒன்றே என்று பெருமை பேச வரவில்லை. நிலத்தை அதற்கே உரிய செடியால் அடையாளம் காணும் பழக்கம் நமக்குப் புதிதன்று என்பதே நாம் சொல்ல வந்தது.

அப்படியிருக்க நீலகிரி ஏன் ஏமாந்தது?

பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மூட்டையின் மேல் ஒட்டும் சீட்டில் ஊர்ப்பெயர் பிழையானால், உள்ளே என்ன பொருள் இருந்தாலும் அது வேறூருக்குத்தான் போய்ச் சேரும். நீலகிரியின் புல்வெளிக்கு வெள்ளையர் ஒட்டிய சீட்டு "தரிசு" என்பது. 1820களில் உதகை குடியேற்றமாகியது, விறகு தேவைப்பட்டது, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் வந்தன. விடுதலைக்குப் பின்னரும் அச்சீட்டைக் கிழிப்பாரில்லை. தோல் பதனிடப் பட்டையும் ஆலைகளுக்குக் கூழும் வேண்டுமென்று தோட்டங்கள் இன்னும் பெருகின, பைனும் சேர்ந்தது. இந்தியக் காடுகளைச் சாம்பியன் என்பவர் 1936இல் வகைப்படுத்தினார். 1968இல் அவரும் சேத்தும் திருத்தி, 16 பெருந்தொகுதிகளாக அமைத்த பட்டியலே பின்னர் வந்த வனத்துறையினருக்கு வேதமாயிற்று. அதிலே தென்மலைச் சோலைக்கு உரிய இடம் உண்டு. புல்வெளியோ சோலை சீரழிந்த நிலை என்றே குறிக்கப்பட்டது. சீரழிந்ததென்றால் மரம் நட்டுச் சீராக்கத்தானே எவருக்கும் தோன்றும்? கார்த்திகை இதழில் நமக்கும் அதுவே தோன்றியது.

அச்சீட்டு பிழையென்று காட்டியவர்களுள் ஒருவர் நம் பெங்களூரிலேயே இருப்பவர் என்பது நமக்கு மகிழ்ச்சி. இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த இராமன் சுகுமாரும் அவருடைய கூட்டாளிகளும் நீலகிரிச் சதுப்புகளிலிருந்து மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, அதிலுள்ள கரியணுக்களின் வகையை ஆராய்ந்தனர். வறட்சி தாங்கும் புல்லின் கரிக்கும் மரத்தின் கரிக்கும் வேறுபாடு உண்டு. 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியான அவர்கள் கட்டுரையின்படி, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகு குளிர்ந்து வறண்டிருந்த காலத்தில், அங்கே புல்லே மேலோங்கியிருந்தது. மழை மிகுந்த காலங்களில் மரத்தின் அடையாளம் கூடியது. மழை குறைந்தபோது புல் மீண்டும் பெருகியது. ஆகவே புல்வெளி கோடரியால் பிறந்ததன்று. இன்றும் குளிர்காலத்து உறைபனி திறந்த சரிவில் விழும் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும், புல் பிழைத்துக்கொள்ளும். மடிப்பில் சோலை, சரிவில் புல், தாழ்வில் சதுப்பு: இதுவே அம்மலையின் குடும்பம்.

அக்குடும்பம் குலைந்தால் முதலில் குறைவது தண்ணீர். உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒன்றை இயற்கையாகவே விட்டு, மற்றொன்றின் புல்வெளியில் கற்பூர மரம் நட்டனர். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே நட்ட பகுதியின் நீர்வரத்து நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. நாம் பெங்களூரில் குடிக்கும் காவிரி நீர் நீலகிரியைச் சார்ந்ததன்று. ஆனால் நம் சங்கத்தாரில் பலருடைய பெற்றோர் இருக்கும் கோபியும் பவானியும் ஈரோடும் எந்த மலையை நம்பியிருக்கின்றன? மோயாறும் பவானியும் அங்கிருந்தன்றோ இறங்குகின்றன? நாம் அன்போடு அனுப்பவிருந்த மரம், ஊரிலிருக்கும் தாய் தந்தையர் கிணற்றிலிருந்தே நீரை இறைத்திருக்கும்.

பழனி மலையின் நிலையும் துயரமானதே. அங்கே தோட்டங்களாலும் வேளாண்மையாலும் நாற்பதாண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2018இல் காட்டியது. புல்வெளி போனால் தமிழகத்தின் அரசு விலங்காகிய வரையாடு எங்கே மேயும்? தோடர்களின் எருமை எங்கே மேயும்? பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை மலரும் குறிஞ்சி 2018இல் பூத்தது. 2030இல் பூக்க அதற்கு இடம் வேண்டாமா?

"அப்படியானால் பைனையும் சீகையையும் நாளையே வெட்டிவிடலாமே" என்று சில அன்பர்கள் பதறக்கூடும். அதுவும் மேலே பார்த்துச் சொல்லும் தீர்ப்பே. பெரியவர் காட்டிய இரண்டாமிடத்தை நினையுங்கள். அந்நிய மரத்தின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழும்பும் இடங்கள் உண்டு. அங்கே ஒரேயடியாக வெட்டினால் கன்றுகள் உறைபனிக்கு இரையாகும், சீகை விதைகள் கூட்டமாய் முளைக்கும். புல் இன்னும் உயிரோடிருக்கும் சரிவிலோ, புதிதாக வரும் பைன் கன்றுகளைப் பிடுங்குவதே முதல் வேலை. சதுப்பில் நீரை உறிஞ்சும் மரத்தை நீக்கவேண்டும். இடத்துக்கு இடம் மருந்து வேறு. அதற்கு முன் இடம் எதுவென்று அறியவேண்டும்.

அங்கே செல்லும் நேயர்கள் குழந்தைகளோடு இதைச் செய்து பார்க்கலாம். முதலில், நிற்கும் இடம் சரிவா, மடிப்பா, தாழ்வா என்று பாருங்கள். அடுத்து மண் கரியதா, வெளிறியதா, ஈரமானதா என்று தொட்டுப் பாருங்கள். சருகை விலக்கி, கீழே முளைப்பது புல்லா, பெரணியா, சோலைக் கன்றா, வெறுமையா என்று காணுங்கள். பின்னர் ஓரத்துக்குச் சென்று, நடப்படாத நிலத்தில் என்ன நிற்கிறதென்று பாருங்கள். புல்லின் நடுவே செந்நிறப் பூவோடு தனித்து நிற்கும் காட்டுப் பூவரசு ஒன்று தென்பட்டால் அது பழைய புல்வெளியின் சாட்சி. கடைசியாக, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். எதையும் பறிக்க வேண்டாம்.

இனி அந்த 18,400 ரூபாய். திரும்பப் பெற விரும்புவோர் பொருளாளரிடம் பெற்றுக்கொள்ளலாம். யாரும் தயங்க வேண்டாம். மீதியை என்ன செய்வதென்று ஆவணி மாதப் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்வோம். மரக்கன்றுக்குப் பதிலாகப் புல்லும் சோலைக் கன்றும் அறிந்து வளர்ப்போரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் வழியில் தரலாம் என்பது நம் கருத்து. எதிர்க்கருத்து உடையோரும் வந்து பேசவேண்டும். ஒருமுறை தனியே முடிவு செய்ததால் வந்த வினையை நாம் பார்த்துவிட்டோம்.

மலைக்குப் போக வசதியில்லாத குழந்தைகளுக்கு ஒரு செய்தி. பெங்களூருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் ஒரு புல்வெளி இருக்கிறது. அதையும் வெற்றிடமென்று எண்ணி என்னென்னவோ கட்ட நினைத்தவர்கள் உண்டு. 2024இல்தான் அதைப் பாதுகாப்புக்குரிய இடமாக்கக் கர்நாடக வனவுயிர் வாரியம் இசைந்தது. அடுத்த மாத முதல் ஞாயிறன்று காலை நாம் நம் மகளோடு அங்கே செல்லவிருக்கிறோம். உடன்வர விரும்பும் குடும்பங்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். கட்டுச்சோறு அவரவர் கொண்டுவரவேண்டும். நிழலுக்கு மரம் இராது. குடை கொண்டுவருவது நலம்.