மைதானத்தைப் பகிர்ந்துகொண்ட கல்லூரி

1911 ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கால்பந்துக் கேடயத்தின் இறுதி ஆட்டம். மோகன் பகான் அணியின் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு இறங்கினார்கள். எதிரே, பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு. முதல் கோல் வெள்ளையர்களுக்கு. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். அடுத்த கோலை அபிலாஷ் கோஷ் அடித்தார். 2-1. அந்தக் கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி அதுதான்.

வெறுங்கால் கதையை நாடே அறியும். அந்த வெற்றியில் கல்லூரிகளுக்கு இருந்த பங்கைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. அபிலாஷ் கோஷும் ராஜேன் சென்குப்தாவும் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர்கள். பூட்ஸ் போட்டு ஆடிய ஒரே வீரரான சுதிர் சாட்டர்ஜி, பவானிப்பூர் லண்டன் மிஷன் கல்லூரியில் ஆசிரியர். முதல் சுற்றில் மோகன் பகானிடம் 3-0 என்று தோற்றதும் ஒரு கல்லூரி அணிதான்: செயின்ட் சேவியர்ஸ். அதன் பிறகு ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேட் அணிகள் வீழ்ந்தன. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் முதல் ஆட்டம் சமன். மறு ஆட்டத்தில் 3-0.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 1889இல் தொடங்கிய மோகன் பகானுக்கு வெகுகாலம் நிலையான ஆடுகளம் கிடையாது. 1900 வாக்கில், பிரெசிடென்சி கல்லூரி ஆடிவந்த மைதானத்தைப் பகிர்ந்துகொள்ள இடம் கிடைத்தது. ஒரு கல்லூரி தன் புல்தரையில் ஊர்ப் பையன்களையும் ஆடவிட்டது. ராணுவத்தில் சுபேதார் மேஜராக இருந்த செயலாளர் சைலேன் பாசு அவர்களை ஓடவிட்டு, உடம்பை இறுக்கினார். கேடயத்துக்கு விதை விழுந்தது அங்கேதான்.

செட்டிநாட்டு நகரத்தார் கல்கத்தாவில் கொண்டுவிற்ற காலம் அது. அதே செட்டிநாட்டிலிருந்து வந்த அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். இந்த ஊரில் இன்று உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது. நிலத்துக்கும் பயிற்றுநருக்கும் பஞ்சமில்லாத ஊர் காரைக்குடி. ஊர்ப் பையன்கள் கல்லூரி மைதானங்களுக்குள் வந்து ஆட வழி செய்யவேண்டியதுதான் பாக்கி.

புல்தரை கெட்டுவிடும், பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் நியாயமானவை. பதிவு செய்த குழுக்களுக்கு மட்டும் அனுமதி, பராமரிப்பில் அவர்களுக்கும் பங்கு, பொறுப்புக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியர் என்று எழுதி வைத்துக்கொண்டால் தீர்ந்துபோகும்.

செட்டிநாட்டுக் கல்லூரி நிர்வாகங்கள் வரும் கல்வியாண்டிலிருந்து, வகுப்பு முடிந்தபின் தினமும் இரண்டு மணி நேரம் தங்கள் மைதானத்தை ஊர் அணிகளுக்கும் திறந்துவிட வேண்டும்.