பாசி தின்னும் மீன் வாங்கப் போகிறீர்களா?

நன்னீர் மீன் வளர்ப்பவர்களுக்கு 'ஈக்கான் பண்டாராயா'வைத் தெரியாமல் இருக்காது. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் அந்தக் கறுத்த மீனுக்கு, நகரைக் கூட்டிப் பெருக்கும் மாநகராட்சியின் பெயரையே வைத்துவிட்டார்கள். கடல்நீர்த் தொட்டிக்கும் அப்படி ஒரு மீன் சொல்லுங்கள் என்று பட்டணத்து வாசகர் ஒருவர் கேட்கிறார். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமாம். உள்ளே கல்லும் பவளமும் இருக்கின்றனவாம்.

அன்பரே, உங்கள் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். கல்லும் மணலும் போக இன்னும் குறைவு. கடையில் மஞ்சள் டாங் மீனைப் பார்த்ததும் மனம் மயங்கும். ஹவாய்க் கடலில் மிகுதியாக வாழும் மீன். பாசியை நன்றாக மேயும். ஆனால் 8 அங்குலம் வளரும். நாளெல்லாம் பாறைக்குப் பாறை நீந்தித் திரியும். அதை இரண்டடிக்குள் அடைப்பது காளை மாட்டைக் கோழிக்கூண்டில் கட்டுவது போல. நரிமுக முயல்மீனும் வேண்டாம். நம் பசாரில் டெங்கிஸ் என்று விற்கிறார்களே, தமிழ்நாட்டில் ஓரா என்பார்களே, அதன் உறவுதான் அது. முதுகு முள்ளில் விஷம் உண்டு. மீன் அரிந்து பழகிய தாய்மார்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

பலரும் அடுத்து வாங்குவது 'லான்மோவர் பிளென்னி'. புல்வெட்டி என்று பொருள். சதுப்புக் கரையில் தத்தித் திரியும் மீனைப் போல மேலெழுந்த கண்கள், சீப்புப் போன்ற பற்கள். கல்லில் படிந்த பாசியைக் கொத்திக் கொத்தி எடுக்கும். வேடிக்கையான பிராணிதான். ஆனால் 5 அங்குலத்துக்கு மேலும் வளரும். சிறு தொட்டியில் உள்ள பாசியைச் சில வாரங்களில் தீர்த்துவிடும். கண்ணாடி பளபளக்கிறதே என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் அதே நாட்களில் மீனுக்குப் பட்டினி தொடங்கியிருக்கும். உருண்டைத் தீனியை ஏற்க மறுத்து, வயிறு ஒட்டிச் சாகும் மீன்கள் ஏராளம். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள், பாவம்.

ஆகவே நான் சொல்வது வாலடியில் கரும்புள்ளி உள்ள 'டெயில்ஸ்பாட் பிளென்னி'. இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஒன்று போதும், இரண்டு விட்டால் இடத்துக்குச் சண்டை போடும். துள்ளி வெளியே விழக்கூடியது, ஆகவே வலைமூடி அவசியம். துணைக்கு ட்ரோக்கஸ் நத்தை நான்கைந்து விடலாம். கண்ணாடியைத் துடைப்பதில் நத்தைகள் மீனை மிஞ்சும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பாசி வளர்வது மிச்சத் தீனியாலும், குழாய்நீரில் வரும் பாஸ்பேட்டாலும், அளவு மீறிய விளக்கொளியாலும். மீன் தின்ற பாசியின் சத்து கழிவாகி மீண்டும் அதே நீரில்தான் கலக்கிறது. எனவே வடிகட்டிய நீரில் உப்பைக் கரைத்து, வாரம் பத்தில் ஒரு பங்கை மாற்றுங்கள். விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும். சிவப்புக் களிம்பு படர்ந்திருந்தால் எந்த மீனையும் நம்பாதீர்கள். குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

கடையில் மீனைக் காட்டியதும் பணத்தை நீட்டிவிடாமல், தீனி போடச் சொல்லிப் பாருங்கள். வயிறு உருண்டு, போட்டதைத் தின்னும் மீனையே வாங்குங்கள். வீட்டில் பாசி குறைந்ததும், ஜப்பானியர் சோறு சுருட்டும் உலர்ந்த கடற்பாசித் தாளில், உப்பும் எண்ணெயும் சேராததாகப் பார்த்து, விரல் அகலத் துண்டு ஒன்றைக் கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டிவிடுங்கள். தின்னாமல் விட்ட மிச்சத்தை மாலையில் எடுத்துவிட வேண்டும்.